கவிழ்ந்து கிடந்த நாடுகள்

மேசையைத் துடைக்கும்போது கைப்பழக்கத்தில் அது நடந்துவிட்டது. குப்புறக் கிடந்த ஒல்லாந்துக்காரிப் பொம்மையை எடுத்து, பாவாடை மடிப்பில் ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டு, செல்லம் அவளை நிமிர்த்தி வைத்துவிட்டாள். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்ட பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. திரும்புவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. காது அடைத்துக்கொண்டு, துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடியே அவள் குனிந்து நின்றாள்.

மியாகே என்ற அந்த ஜப்பானிய அதிகாரி ஒற்றை விரலால் ஒல்லாந்துக்காரியைத் தள்ளினான். ஈயப் பொம்மை டக்கென்று மேசையில் விழுந்தது. பிறகு அவன் ஏதோ சொன்னான். வாசலில் நின்ற தோட்டத்துக் கணக்கர், கிராணி ராஜசேகரன், அதைத் தமிழில் சொன்னார்.

"தோத்துப்போன நாட்டையெல்லாம் அவரு படுக்க வச்சிருக்காரு. படுத்தது படுத்தபடியே கெடக்கணுமாம். இன்னொரு தடவ நிமித்தி வச்சா உன்னையும் பக்கத்துலயே படுக்க வச்சிருவேங்கிறாரு."

"தெரியாம செஞ்சிட்டேன் ஐயா."

"தெரிஞ்சிக்க."

சிங்கப்பூருக்கு வடக்கே, செடெனாக் ரயில் நிலையத்திலிருந்து சடக்கு என்கிற செம்மண் சாலை வழியாக உள்ளே போனால், இரண்டு மரப்பாலங்களைத் தாண்டி வரும் ரப்பர் தோட்டம் அது. இரட்டைப் பாலத் தோட்டம் என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். செல்லம் அங்கேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கட்டிய புருஷனை இருபது வயதுக்குள் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. துரை வீட்டில் குழந்தை பிறந்தபோது ஆயா வேலைக்குக் கூப்பிட்டார்கள். ரப்பர் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு மேட்டுப் பங்களாவுக்கு ஏறினாள்.

சீமையிலிருந்து துரைசாணிக்கு வரும் கோகோ டின் ஒவ்வொன்றிலும் நடுவிரல் நீளத்துக்கு ஒரு ஈயப் பொம்மை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நாட்டு மனுஷர், அந்த நாட்டு உடுப்போடு. குழந்தைக்குக் கொஞ்ச நாளில் அது சலித்துவிட்டது. செல்லத்துக்குத்தான் சலிக்கவில்லை. "இது எந்த ஊரு துரைசாணி? இவங்க ஏன் குல்லாவுல இறகு சொருகியிருக்காங்க?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பையனைப் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பியபோது துரைசாணி அழுதுகொண்டே பொம்மைகளையெல்லாம் ஆயாவிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது அவளுக்கு ஒரு பைத்தியம். விருந்துக்கு வரும் துரைமார்களிடம் கூச்சப்படாமல் கேட்பாள். பர்மாவுக்குப் போய்வந்த குளுவாங் செட்டியார் ஒருவரிடம் சொல்லிவைத்து ஒரு பர்மாக்காரியை வரவழைத்தாள். சண்டைக்கு முந்தின வருஷம் குளுவாங் பக்கம் ஆஸ்திரேலியப் பட்டாளம் கூடாரம் அடித்திருந்தபோது, கூடை நிறையக் கோழிமுட்டை கொண்டுபோய்க் கொடுத்து, அகலத் தொப்பி வைத்த ஒரு குதிரைக்காரனை வாங்கிவந்தாள். முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதில் இந்தியா என்று இருந்தவன் ஒரு பாம்பாட்டி. அவனைப் பார்க்கும்போதெல்லாம் செல்லத்துக்குச் சிரிப்பு வரும்.

கூலிக்காரர் குடியிருப்பான லயத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்தான் கேலி செய்வாள். "முட்டைய வித்தா ஒரு சீலை எடுக்கலாம். இவ ஈயத்த வாங்கிட்டு வந்திருக்கா. உலகத்தையே கட்டிக்கிட்டு அழு."

"நீ செடெனாக்கத் தாண்டியிருக்கியா? நானும் தாண்டல. அவங்களாச்சும் நம்ம வீட்டுக்கு வரட்டுமே" என்பாள் செல்லம்.

ஜப்பான்காரன் குளுவாங்குக்கு வந்துவிட்டான் என்று செய்தி எட்டிய அன்று துரையும் துரைசாணியும் லாரியில் சிங்கப்பூருக்குப் போனார்கள். பங்களாவில் நாற்காலி, திரைச்சீலை, பாத்திரம் என்று அகப்பட்டதை ஜனங்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். செல்லம் எதையும் தொடவில்லை. பின்கட்டில், பொம்மைகளைப் போட்டுவைத்த தன் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சில வாரங்களில் ரயில் பாலங்களுக்குக் காவலாக மியாகேயின் படை வந்து பங்களாவில் இறங்கியது. துணி துவைக்கவும் வீடு பெருக்கவும் அவளையே வைத்துக்கொண்டார்கள். அறைகளைச் சோதித்த அன்று தகரப் பெட்டி திறந்தது.

"அது என்னுது ஐயா" என்றாள் செல்லம்.

ராஜசேகரன் அதை மொழிபெயர்க்கவே இல்லை. "உன்னுது என்னுதுன்னு இங்க இனிமே ஒன்னும் கெடையாது. வாய மூடு" என்றார் தாழ்ந்த குரலில்.

அவர் துரை காலத்திலேயே ஆபீஸ் கிராணி. ஜப்பான் பாஷையை மளமளவென்று கற்றுக்கொண்டு, வந்தவர்களுக்கும் வேண்டியவராகிவிட்டார். தோட்டத்தில் அவருக்குப் பயப்படாதவர்கள் இல்லை.

பொம்மைகள் முன்வராந்தா மேசைக்குப் போயின. விசிறி பிடித்த ஜப்பான் பெண்ணை மியாகே தலைமாட்டில் வைத்தான். அவளுக்கு இருபுறமும் ஜெர்மனியும் இத்தாலியும் நின்றன. சிங்கப்பூர் விழுந்ததற்குச் சிவப்புக் கோட்டு இங்கிலீஷ்காரனைக் கவிழ்த்தான். ஜாவா விழுந்ததற்கு ஒல்லாந்துக்காரி. பிலிப்பைன்ஸ் விழுந்ததற்குக் கயிறு சுழற்றும் அமெரிக்காக்காரன். பாம்பாட்டி மட்டும் சிநேகிதன் என்று தப்பித்தான். கவிழ்ந்தவர்களை அதற்குப் பிறகு மியாகே ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. செல்லம் அவர்களைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவாள். தன் வீட்டு ஆட்களைத் தெருவில் போட்டுவைத்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

அடுத்த வருஷம் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போடப் போகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். முதலில் போனவர்கள் ஒருவரும் திரும்பாததால் பிறகு யாரும் தாமாக முன்வரவில்லை. அப்போது ராஜசேகரன் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டவர்களில் பேச்சியம்மாளின் புருஷன் வேலுவும் ஒருவன். முதல் நாள்தான் கிராணியோடு அரிசிப் பங்கீட்டில் அவனுக்கு வாய்த்தகராறு நடந்திருந்தது. சிப்பாய்கள் அவனை லாரியில் ஏற்றியபோது பேச்சியம்மாள் ராஜசேகரனின் காலைப் பிடித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

மழைக்காலம் நெருங்கியபோது பேச்சியம்மாளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கிப்போடும். நான்கு சாக்கைப் போர்த்தினாலும் பல் கிட்டும். லயத்தில் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் கிடந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் அய்யாவு இருந்தாரே தவிர, அலமாரியில் மருந்து இல்லை.

"கொயினா மாத்திரை இருந்தா பொழைப்பா. ஒரு வாரத்துக்கு விடாம குடுக்கணும். நடுவுல விட்டா பிரயோஜனம் இல்ல" என்றார் அய்யாவு. "வேப்பிலை கசாயம் குடுத்துப் பாரு. அதுக்கு மேல நான் என்ன சொல்றது."

கொயினா எங்கே இருக்கிறது என்று செல்லத்துக்குத் தெரியும். மியாகேயின் படுக்கை அறையில் தடித்த பழுப்பு புட்டி ஒன்று உண்டு. தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும் என்று பட்டாளத்து உத்தரவு. ஆனால் அதைப் போட்டால் காதுக்குள் இரைச்சல் வருகிறதென்று அவன் வாயில் போடுவதுபோல் போட்டு, வராந்தா கம்பிக்கு வெளியே துப்பிவிடுவான். கீழே கல்வாழைப் பாத்தி. பெருக்கும்போது செல்லம் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

எடுப்பது பெரிதல்ல, வெளியே கொண்டுபோவதுதான் பெரிது. குசினியில் சீனி திருடிய ஒருவனைக் கட்டிவைத்து அடித்ததிலிருந்து, கேட்டில் நிற்கும் சிப்பாய் போகிற பெண்களின் கொண்டையை அவிழ்க்கச் சொல்வான், வாயைத் திறக்கச் சொல்வான், மடியை உதறச் சொல்வான். கூடையில் இருக்கும் கந்தலைக்கூடத் துப்பாக்கி முனையால் புரட்டுவான்.

அன்று மேசையைத் துடைக்கும்போது அவள் கண் கவிழ்ந்து கிடந்தவர்கள்மேல் போயிற்று. உள்ளே பொள்ளலாக வார்த்த பொம்மைகள் அவை. நின்றுகொண்டிருந்தபோது தெரியாத துளை, கவிழ்த்த பிறகு காலடித் தட்டில் வாயைத் திறந்துகொண்டு தெரிந்தது.

மறுநாள் ராஜசேகரன் வந்தபோது கேட்டாள். "கிராணி ஐயா, இந்தப் பொம்மையெல்லாம் ஈரக்காத்துக்குப் பூத்துப்போய் வெள்ளையா இருக்கு. புளியும் சாம்பலும் போட்டு வீட்டுல தேய்ச்சுக் கொண்டாரேன்னு அவருகிட்டச் சொல்றீங்களா? நாலு நாலா கொண்டுபோறேன்."

ராஜசேகரன் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். மியாகே சுத்தக்காரன். தலையை ஆட்டினான். போகும்போது நாலு, வரும்போது நாலு என்று எண்ணும்படி கேட் சிப்பாய்க்கு உத்தரவும் போயிற்று.

ரப்பர் மரத்திலிருந்து வடிந்த பாலில் கொஞ்சத்தைச் சிரட்டையில் எடுத்துக் கந்தலுக்குள் மறைத்து, உறையாமல் பங்களாவுக்குக் கொண்டுபோகப் பழகினாள். பாத்தியில் பொறுக்கிய மாத்திரைகளைத் துணி துவைக்கும் கல்லில் நசுக்கி, துளைக்குள் கொட்டி இறுக்கி, மேலே பாலைத் தடவினால் சிறிது நேரத்தில் தோலாகப் படிந்துவிடும். முதல் நாள் கேட்டில் அவளே பொம்மைகளை எடுத்து நீட்டினாள். சிப்பாய் பொம்மைகளை உள்ளங்கையில் வாங்கினான். இங்கிலீஷ்காரன் முகத்தில் எச்சில் துப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். அவளும் சிரித்தாள்.

அன்று மாலை பேச்சியம்மாள் நாக்கில் பொடியை வைத்ததும் அவள் முகத்தைச் சுளித்தாள். "என்னாடி இது, இந்தக் கசப்பு?"

"வாய மூடிக்கிட்டு முழுங்கு. எங்கேருந்துன்னு கேக்காத."

நாலு நாள் நன்றாகப் போயிற்று. காய்ச்சல் தணிந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. கல்வாழைப் பாத்தி சேறாகி, துப்பிய மாத்திரையெல்லாம் கரைந்து போயிற்று. இரண்டு நாள் மருந்து இல்லை. மூன்றாம் நாள் பேச்சியம்மாளுக்கு மறுபடியும் தூக்கிப்போட்டது; முன்னைவிட மோசம். வேலு வாசலில் நிற்கிறான், கதவைத் திற என்று பிதற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் செல்லம் புட்டியைத் திறந்தாள். பாத்தியில் பொறுக்கியது பொறுக்கியதுதான். இது திருட்டு. அகப்பட்டால் என்ன ஆகும் என்று செடெனாக் ஸ்டேஷன் பக்கம் கம்பத்தில் மாட்டியிருந்த, திருடி அகப்பட்ட ஒருவனின் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவளும் பார்த்தவள்தான். கையில் வந்ததை எடுத்துக்கொண்டு, புட்டியைக் குலுக்கி மட்டம் செய்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வராந்தாவில் இத்தாலி கவிழ்ந்தது. கட்சி மாறிவிட்டார்கள் என்ற செய்தி எப்போதோ வந்ததாம். மியாகே அதுவரை நம்பாமல் வைத்திருந்தானோ என்னவோ, ஒருநாள் குடித்துவிட்டு வந்து இத்தாலிக்காரனைப் புறங்கையால் அறைந்தான். பொம்மை சுவரில் மோதி விழுந்தது. அதே வாரம் அவனும் படுக்கையில் விழுந்தான். பல் கிட்டி, உடம்பு உதறி, போர்வைக்கு மேல் போர்வை கேட்டான். செல்லம்தான் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். லயத்தில் செய்வதையே இங்கேயும் செய்துகொண்டிருந்தாள்.

பட்டாளத்து டாக்டர் குளுவாங்கிலிருந்து வந்தார். ஒட்ட வெட்டிய தலை, மூக்குக்கண்ணாடி. வந்ததும் புட்டியை எடுத்து மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார். பிறகு மியாகேயிடம் ஏதோ கேட்டார். மியாகே கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னான். டாக்டரின் குரல் உயர்ந்தது.

செல்லம் அப்போது கூடையோடு பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கூடையில் நான்கு பொம்மைகள். ஒல்லாந்துக்காரி, இங்கிலீஷ்காரன், அமெரிக்காக்காரன், பர்மாக்காரி. நான்கிலும் மருந்து.

"ஆயா, நில்லு" என்று ராஜசேகரன் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

வராந்தாவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டாக்டர் பேசப் பேச ராஜசேகரன் சொன்னார். "தினம் தவறாம மாத்திரை போட்டேன்னு அதிகாரி சொல்றாராம். போட்டிருந்தா காய்ச்சல் வரக்கூடாது. புட்டியிலயும் கணக்குக் கொறையுது. எடுத்தது யாருன்னு கேக்குறாரு."

செல்லம் மியாகேயைப் பார்த்தாள். கல்வாழைப் பாத்தியில் துப்பியது அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் தெரியுமோ என்னவோ. சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் கண்ணை மூடிக் கிடந்தான். உத்தரவை மீறினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் சட்டைக் காலரில் இருக்கும் நட்சத்திரம் போய்விடும். அவன் சொல்லவில்லை.

"எனக்கு ஒன்னும் தெரியாது ஐயா. பெருக்குறது, துவைக்கிறதுதான் நான்."

கூடையைக் கவிழ்த்தார்கள். கந்தலும் பொம்மைகளும் தரையில் விழுந்தன. டாக்டர் ஒல்லாந்துக்காரியை எடுத்துத் திருப்பினார். காலடியில் தடவிய பால் இன்னும் பழுப்பாகவில்லை, வெள்ளையாக இருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு ராஜசேகரனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

ராஜசேகரனின் கண் பொம்மையின் அடியிலிருந்து செல்லத்தின் முகத்துக்கு வந்தது. நாலு நாலாகப் போய்வந்த பொம்மைகள், லயத்தில் பேச்சியம்மாள் பிழைத்து வருவதாகக் கேட்ட பேச்சு, எல்லாவற்றையும் அவர் அந்த நொடியில் கூட்டிப் பார்த்துவிட்டார் என்று செல்லத்துக்குத் தெரிந்தது. முடிந்தது கதை என்று நினைத்தாள்.

ராஜசேகரன் தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு ஜப்பான் பாஷையில் என்னவோ சொன்னார். நிதானமாக, கொஞ்சம் சிரித்தாற்போலவும் சொன்னார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னார்.

டாக்டர் பொம்மையைத் தரையில் எறிந்தார். சந்தேகம் போனாலும் ஆத்திரம் போகவில்லை. வாளை உறையோடு கழற்றி அவள் தலையை நோக்கி வீசினார். செல்லம் கையை உயர்த்தினாள். மணிக்கட்டில் விறகு முறிகிற சத்தம் கேட்டது. சுருண்டு விழுந்தபோது, எறிந்த வேகத்தில் ஒல்லாந்துக்காரியின் கழுத்து விண்டுபோய் வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை தரையில் சிந்தியிருப்பது அவள் கண்ணில் பட்டது. வலி உயிரைக் குடித்தது. அலறிக்கொண்டே காலை நீட்டி அதன்மேல் வைத்தாள்.

ராஜசேகரனும் அதைப் பார்த்தார். டாக்டர் திரும்பி மியாகேயிடம் பேச ஆரம்பித்ததும் அவர் பாய்ந்து வந்து செல்லத்தின் தோளைப் பிடித்துத் தள்ளினார். "எழுந்திரு நாயே! இந்தக் குப்பையையெல்லாம் பொறுக்கிக்கிட்டு ஓடு! இனிமே இந்தப் படி ஏறின, தோலை உரிச்சிருவேன்!" கத்திக்கொண்டே மற்ற பொம்மைகளைக் காலால் படிக்கட்டுப் பக்கம் உதைத்தார். தரையில் சிந்தியிருந்த பொடியைச் செருப்பால் தேய்த்தார்.

உடையாத கையால் நான்கையும் அள்ளிக்கொண்டு அவள் இறங்கினாள். கேட்டுவரைக்கும் ராஜசேகரன் ஏசிக்கொண்டே பின்னால் வந்தார். சிப்பாய்க்கு ஏதோ சொன்னார். அவன் சிரித்துவிட்டு வழிவிட்டான். சடக்கில் திரும்பியதும், உதடு அசையாமல் சொன்னார்.

"ஓட்டையில எறும்பு கூடு கட்டுது, அடைக்கச் சொன்னது நான்தான்னு சொல்லியிருக்கேன். யாரு கேட்டாலும் எறும்பு. வெளங்குதா?"

"வெளங்குது ஐயா."

"மருந்து யாருக்கு?"

செல்லம் பொம்மைகளை இறுக்கிக்கொண்டாள். அவர் தெரியாமல் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் மேட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அந்த நான்கு பொம்மைகளில் இருந்தது பேச்சியம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. அய்யாவு மூங்கில் பட்டை வைத்துச் செல்லத்தின் கையைக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பேச்சியம்மாள்தான் அவளுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்து ஊட்டினாள். எறும்புக் கதையைச் செல்லம் அவளிடம் சொல்லவில்லை. வேலுவை அனுப்பியவன் பெயரை அந்த வீட்டில் எப்படி எடுப்பது?

மியாகேயின் படை மறுவருஷம் வடக்கே போயிற்று. செல்லம் மேட்டுக்கு ஏறிப் பார்த்தாள். வராந்தா மேசை வெறுமையாகக் கிடந்தது. குசினி அடுப்புச் சாம்பலைக் கிளறியபோது ஈயக் கட்டி ஒன்று அகப்பட்டது. மீன்வலைக்குக் குண்டு வார்த்திருப்பார்கள். பாம்பாட்டியா, குதிரைக்காரனா, யார் உருகிக் கிடக்கிறார்கள் என்று சொல்ல வழியில்லை. அதைச் சாம்பலிலேயே போட்டுவிட்டு இறங்கிவந்தாள்.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று தெரிந்த வாரம், இங்கிலீஷ்காரன் வருவதற்கு முன்னால், ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருந்த படை வெளியே வந்தது. சீன வாலிபர்கள், குல்லாவில் மூன்று நட்சத்திரம். ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களை ஊர் ஊராகத் தேடினார்கள். ராஜசேகரனை ஸ்டோருக்கு முன்னால், பால் நிறுக்கும் கம்பத்தில் கட்டினார்கள். எந்த இடத்தில் நின்று பெயர் கூப்பிட்டாரோ அதே இடம். ஜனங்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். தலைவனாக இருந்தவன் மலாயில் பேசினான். "இவன் என்ன செய்தான், சொல்லுங்கள்."

பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். "எம் புருசன் பேரச் சொன்னான். வாய்ச்சண்டைக்குப் பழி தீத்துக்கிட்டான். நான் கால்ல விழுந்தேன். இழுத்துக்கிட்டுப் போனான்." பின்னால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. யாரும் கூட்டிச் சொல்லவில்லை. ராஜசேகரன் மறுக்கவும் இல்லை. உதடு கிழிந்து, சட்டை தொங்க, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவன் தன் ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தான். ஒருவன் மண்வெட்டி எடுக்கப் போனான்.

செல்லம் கூட்டத்தின் பின்னால் நின்றாள். அவர் ஒருமுறைகூட அவளைத் தேடிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை அவள் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். பார்க்காததுதான் அவளைத் தள்ளியது.

"நான் ஒன்னு சொல்லணும்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த மலாயில், நடுநடுவே தமிழில் சொன்னாள். புட்டியைத் திறந்தது, பொம்மைக்குள் அடைத்தது, எறும்பு என்று அவர் சொன்னது எல்லாம். கோணல் கையைத் தூக்கிக் காட்டினாள். "இவங்க சொன்னது அத்தனையும் நெசம். நான் சொல்றதும் நெசம். அன்னிக்கு இவரு வாயத் தொறந்திருந்தா எந் தலை ஸ்டேஷன்ல தொங்கியிருக்கும். மருந்தும் வந்து சேந்திருக்காது."

"யாருக்கு மருந்து?" என்று தலைவன் கேட்டான்.

செல்லத்தின் கண் பேச்சியம்மாளின் பக்கம் போயிற்று. பேச்சியம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் முகம் மாறுவது எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்கா?" என்றாள் பேச்சியம்மாள். "அடிப்பாவி, எனக்கா? இவன் போட்ட பிச்சையா அது? தெரிஞ்சிருந்தா துப்பியிருப்பேனே. செத்திருப்பேனே."

"அது தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன் புள்ள."

"இப்ப மட்டும் ஏன் சொன்ன?"

"கொன்னுட்டா வேலு வந்திருவானா?" என்று கேட்டாள் செல்லம். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. பேச்சியம்மாள் காறித் துப்பிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

தலைவன் மண்வெட்டியோடு வந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினான். கூட்டத்தில் முணுமுணுப்பு இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் ராஜசேகரனை அவிழ்த்து, தலையை மொட்டையடித்து, மூங்கில் கழியால் முதுகு கிழிய அடித்தார்கள். இந்தத் தோட்டத்தில் இனிமேல் கண்ணில் பட்டால் சுடுவோம் என்று சொல்லி, முதல் பாலத்துக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். அவர் தவழ்ந்து எழுந்து ஜொகூர் பாரு பக்கம் நடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

லயத்தில் செல்லத்தின் வீட்டுக்கும் பேச்சியம்மாளின் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாயில் ஒருத்தி நின்றால் மற்றவள் காத்திருந்து வருவாள். தோட்டத்திலும் சிலர் செல்லத்தைக் கிராணியின் ஆள் என்றார்கள். கோணல் கையோடு பால் மரம் வெட்ட முடியாது. நாற்றங்காலில் களை பிடுங்கப் போனாள்.

சயாமிலிருந்து பிழைத்துவந்த ஒருவன்தான் வேலு அங்கே வாந்திபேதியில் போய்விட்டான் என்று சொன்னான். எரித்தார்களா புதைத்தார்களா என்று அவனுக்குத் தெரியவில்லை. உடம்பு இல்லாமலே பேச்சியம்மாள் கருமாதி செய்தாள். செல்லத்துக்கு அழைப்பில்லை. ஆனாலும் போனாள். வேலு அவள் கண் முன்னால் வளர்ந்தவன். கோயிலுக்குப் பின்னால் போட்டிருந்த பந்தலில், கடைசி வரிசையில், யாராவது எழுப்பிவிட வந்தால் எழுந்து போய்விடலாம் என்கிற மாதிரி விளிம்பில் உட்கார்ந்தாள்.

இலை போட்டார்கள். அரிசிப் பஞ்சம் தீராத காலம். சோற்றில் பாதி கிழங்கு. பரிமாறிக்கொண்டு வந்தவர்கள் அவள் இலையைத் தாண்டிப் போனார்கள். செல்லம் எழுந்துகொள்ளக் காலை மடக்கினாள். அப்போது பந்தலுக்குள்ளிருந்து பேச்சியம்மாள் கரண்டியும் சட்டியுமாக வந்தாள். அழுது வீங்கிய கண். செல்லத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. இலையில் சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், கோணலாகிப்போன அந்தக் கைப்பக்கம் தண்ணீர்க் குவளையை வைக்காமல் நல்ல கைப்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள்.